ஆறு பித்தளை ஆணிகள்

மதுரை ஜெயில்,
8.7.2024

அன்புள்ள மீனாவுக்கு,

நலம்தான், கவலைப்படாதே. ஃபோர்மேன் என்று கையெழுத்துப் போட்ட பாவத்துக்கு நான் உள்ளே இருக்கிறேன், முதலாளி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. பட்டாசுக் கம்பெனி வெடிவிபத்தைப் பற்றி எதுவும் எழுதாதே. இங்கே கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருகிறார்கள்.

என் எலக்ட்ரிக் கிட்டார் கட்டிலுக்கடியில் பத்திரமாக இருக்கிறதா? பிக்கப் மட்டும்தான் பாக்கி. தந்தி அதிர்வதைக் கரண்டாக மாற்றும் செம்புச் சுருள் அது. நான் கழுத்தை அகலமாகச் செதுக்கித் தொலைத்ததால் கடையில் விற்பது பொருந்தாது. நீயே செய்யேன். வெடிக்குச் சணல் சுற்றிய கைதானே! சுருளின் நடுவே நிற்க ஆறு பித்தளை ஆணிகள் கடைந்து டப்பாவில் வைத்திருக்கிறேன். அடியில் வைக்கக் காந்தமும் அதிலேயே இருக்கிறது.

உன்,
முனியராஜ்

ஏழாயிரம்பண்ணை,
17.7.2024

அன்புள்ள மச்சானுக்கு,

ஊரே கேஸ் கேஸ் என்று அலைகிறது, உங்களுக்குக் கிட்டார்! தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறீர்கள்.

சண்முகத்தாய் அக்கா காரியத்துக்குப் போயிருந்தேன். அவள் மகள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. உங்களால்தான் அவள் அம்மா செத்தாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

மேனேஜர் சங்கரலிங்கம் வீட்டுக்கு வந்தார். "இந்தா மீனா, வெடிமருந்தைக் கூடுதலாக் கலந்தது தான்தான்னு உன் வீட்டுக்காரனை ஒத்துக்கிடச் சொல்லு. பெயிலுக்கு நாங்க ஆச்சு. சீசன்ல ரெண்டு பேருக்கும் வேலை. இல்லேன்னா இந்தப் பக்கம் ஒரு கம்பெனியும் உங்களைச் சேர்க்காது, பாத்துக்க" என்றார். அவர் வண்டி இப்போது தினமும் தெருமுனையில் நிற்கிறது. தண்ணீருக்குப் போனாலும் பார்க்கிறான் ஒருத்தன்.

வெடித்த அன்றைக்குப் பக்கத்து ரூமில் இருந்தது நான். "ஏலே, லோடு இன்னைக்கே போகணும், அம்புட்டுப் பேரையும் ஒத்த ரூம்ல உக்கார வையி" என்று மேனேஜர் உங்களிடம் கத்தியதும், ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல் ஆகாது, முடியாது என்று நீங்கள் சொன்னதும், அவரே ஆட்களை உள்ளே அனுப்பியதும் என் காதில் விழுந்தது.

உங்கள்,
பாண்டிமீனா

மதுரை ஜெயில்,
26.7.2024

அன்புள்ள மீனா,

காதில் விழுந்ததை எழுதாதே. சுருளைப் பற்றி எழுது.

கம்பெனி வக்கீல் ஒரு பேப்பரோடு வந்தார், சங்கரலிங்கம் உன்னிடம் சொன்னதேதான் அதில். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இங்கே ஒருவன் புரண்டால் வரிசையாக எல்லாரும் புரள வேண்டும், அப்படிப் படுத்திருக்கிறோம். அதற்குள் என்னத்தை யோசிக்க? கிட்டாரை நினைத்துக்கொண்டால் மட்டும் தூக்கம் வருகிறது.

முனியராஜ்

ஏழாயிரம்பண்ணை,
9.8.2024

அன்புள்ள மச்சானுக்கு,

மோட்டார் காயில் கட்டும் நாகையா அண்ணனிடம் கம்பி வாங்கிச் சுற்றினேன். தலைமுடியை விட மெல்லிசு, மூச்சு விட்டால் அறுகிறது. தந்தி பூட்டி ஸ்பீக்கரில் கொடுத்தால் சத்தமே இல்லை. காதை ஒட்டி வைத்தால் கொசு பறக்கிற மாதிரி ஏதோ கேட்டது. நாகையா அண்ணன் பிரித்துப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "ஏ தாயி, பித்தளையில காந்தம் எங்கன ஏறும்? இரும்புல்லா போடணும்!"

எனக்கும் சிரிப்பு வந்தது, பிறகு ஆத்திரமாக வந்தது. கம்பெனியில் இரும்பு ஆகாது, பொறி தட்டும். கரண்டி பித்தளை, சுத்தியல் பித்தளை, செருப்பில்கூட ஆணி ஆகாது. சரி. நம் வீட்டில் எது வெடிக்கப் போகிறது மச்சான்? நீங்களும் யோசிக்காமல் கடைந்திருக்கிறீர்கள், நானும் யோசிக்காமல் மாட்டியிருக்கிறேன். பயம் அப்படி ஊறிப்போய்க் கிடக்கிறது.

இரும்பு ஆணி போட்டு மறுபடி சுற்றினேன். ஒரு தந்தியைத் தட்டினேன், தெருவே திரும்பிப் பார்த்தது. நீங்கள் இல்லையே என்று அழுதுவிட்டேன்.

அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்கள்,
மீனா

மதுரை ஜெயில்,
17.8.2024

மீனா,

போட்டுவிட்டேன். என்னால் முடியவில்லை. அடுத்த வாய்தாவில் பெயில் கிடைக்கும் என்கிறார்கள். நீ வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், தீபாவளிக்கு வீட்டில் இருப்பேன். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

முனியராஜ்

ஏழாயிரம்பண்ணை,
26.8.2024

அன்புள்ள மச்சானுக்கு,

இதைப் பிரித்துப் படிக்கிற அய்யாவும் நன்றாகப் படிக்கட்டும்.

நேற்று விசாரணை அதிகாரியிடம் போய், கேட்டதை எல்லாம் சொல்லிவிட்டேன். நடந்ததைச் சொன்னதும் சண்முகத்தாய் அக்கா மகளும் கூட வந்தாள். வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிருங்க சித்தி" என்றாள்.

கம்பெனி வக்கீல் இனி உங்களுக்காக வர மாட்டாராம், பெயிலும் தள்ளிப்போகுமாம். புருஷனை உள்ளே தள்ளிய பொம்பளை என்று ஊர் பேச ஆரம்பித்துவிட்டது. உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும். திட்டி எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

ஜட்ஜ் கேட்கும்போது, அந்தப் பேப்பரில் இருப்பது என் வார்த்தை இல்லை என்று சொல்லுங்கள். சொன்னால் எத்தனை தீபாவளி போனாலும் காத்திருப்பேன். சண்முகத்தாயைக் கொன்றவன் நான்தான் என்று ஒத்துக்கொண்டு நாளைக்கே வந்தீர்களென்றால், எனக்கு உங்களைத் தெரியாது.

பதில் போடுங்கள் மச்சான்.

பாண்டிமீனா