தூதரக வாசலின் தாழ்ப்பாள்

மே 4
பஸ் நிறுத்தத்தில் பேனர் வைத்துவிட்டார்கள். 'வீரத் திருமகன் சென்னப்பன்.' என் வீட்டுக்காரர் முகத்தைவிட, வைத்தவர்களின் முகம்தான் பெரிது. வெளிநாட்டில் நம் தூதரகத்துக்குக் காவல் போன இவர், கலவரக் கும்பல் உள்ளே புகுந்ததில் கால் உடைந்து வேப்பனப்பள்ளிக்குத் திரும்பியிருக்கிறார். கூட நின்ற மணி அண்ணன் சவப்பெட்டியில் வந்தார்.

இவர் நொண்டிக்கொண்டே போய்ப் பேனரைக் கிழித்துவிட்டு வந்தார்.

மே 7
டெல்லி அறிக்கையை டிவியில் சொன்னார்கள். கும்பல் உள்ளே புகுந்ததற்கு, காவலர் மணி வாயிற்கதவைத் தாழிடாததுதான் காரணமாம்.

"பொய்யி," என்றார் இவர். "தாழ்ப்பாளு உடைஞ்சு ஆறு மாசமாச்சு. நானும் மணியும் எத்தன வாட்டி சொன்னோம்! நிதி வரட்டும், நிதி வரட்டும்னாங்க. சங்கிலி போட்டுக் கட்டி வெச்சிருந்தோம்."

எங்கள் ஓசூர் கம்பெனியில் பைக் ஸ்டாண்டுக்குக்கூட நல்ல கதவு இருக்கிறது.

மே 8
பழியைச் செத்தவர் தலையில் போட்டால் யார் வந்து கேட்பது?

மே 12
விசாரணைக்கு இவரைப் பெங்களூருக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். மேலதிகாரி போனில் ரொம்ப அன்பாகப் பேசினாராம். அறிக்கையில் இருப்பதையே சொல்லிவிடு, உனக்கு நல்லது என்று.

நான் என்ன சொன்னேன்? "அப்படியே சொல்லிட்டு வாங்க. போனவரு போயிட்டாரு. நமக்கு ரெண்டு பொட்டப் புள்ளைங்க இருக்குது." சொல்லிவிட்டு ஷிப்டுக்கு ஓடினேன்.

மே 15
மத்தூரில் மணி அண்ணன் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனேன். போயிருக்கவே கூடாது — இல்லை, முன்பே போயிருக்க வேண்டும்.

அவர் மனைவி மேகலா அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, எங்க வூட்டுக் கதவையே ரெண்டு வாட்டி இழுத்துப் பாத்துட்டுத்தான் படுப்பாரு. அவரா தொறந்து போட்டிருப்பாரு? எங்க மாமியாரே நம்பிட்டாங்க. அண்ணன் கூடத்தான இருந்தாரு, ஒண்ணும் சொல்லலியா?"

கொடுத்த காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். சீ! என்ன பொம்பளை நான்?

மே 16
"நடந்தத நடந்தபடி சொல்லுங்க," என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். "பயமா இல்லியா?"

"இருக்குது. அதுக்கு?"

மே 19
பெங்களூர் போய் எல்லாம் சொல்லிவிட்டு வந்தார். நிதியை நிறுத்தி வைத்தது யார் என்று இவர் கேட்டதை மட்டும் அவர்கள் எழுதிக்கொள்ளவில்லையாம்.

ஜூன் 3
இவருக்குப் பணியிடை நீக்க உத்தரவு வந்தது. காரணம், கவனக்குறைவு. இப்போது குற்றவாளிகள் இரண்டு பேர். தாழ்ப்பாளைச் சரிசெய்யாதவர் பெயர் இன்னும் எதிலும் இல்லை.

மணி மேல் தப்பில்லை என்று மேகலாவின் மாமியாரிடம் நேரிலேயே சொல்கிறேன் என இவர் மத்தூர் பஸ் ஏறிவிட்டார். நான் ஞாயிற்றுக்கிழமை ஷிப்டையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.