ஊறப் போடாத அகல்கள்

அன்புள்ள அண்ணி,

நீங்கள் போய் நாலு மாதம் ஆகிறது. பின்கட்டின் மூன்று வாடகை அறைகளையும் பெருக்கி, தண்ணீர் பிடித்து, வெந்நீர் போட்டு முடிப்பதற்குள் எனக்கு இடுப்பு விட்டுப்போகிறது. "மூடிடலாம்மா, உன்னால ஆவாது"ங்கிறார் அண்ணன். நானும் சரியென்றுதான் இருந்தேன். நீங்கள் மட்டும் எப்படி முகம் சுளிக்காமல் செய்தீர்கள்?

தீபத்துக்கு வந்து நம் ஓர அறையில் தங்குவாரே யோஷிகோ அம்மா, அவர் வந்திருந்தார். தீபம் எந்தத் தேதி என்று வருஷா வருஷம் ஜப்பானுக்குக் கார்டு போடுவீர்களே, இந்த வருஷம் அது போகவில்லை. அவராகவே கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார்.

அடுப்படியில் அவரிடம் நீங்கள் கற்ற வார்த்தைகள் எனக்கு இன்றும் குழப்பம்தான். பால் எப்போது வரும் என்று கேட்க 'இட்சு'. பால் பொங்கும்போது இறக்கு என்றால், அந்தப் 'போது'வுக்குத் 'தோக்கி'. 'ஜி' கடிகாரத்து மணி, 'ஜிகான்' எத்தனை மணி நேரம் என்பது. மூன்று மணிக்கு வெந்நீர் என்று சொல்ல வந்து, 'சன் ஜிகான்' என்றேன். அவர் மூன்று மணி நேரம் கழித்துத் துண்டோடு வந்து நின்றார்.

"அரிசி ஊறுற வரைக்கும் ஜிகான். ஊறினப்போ அரைக்கிறோமே, அது தோக்கி. இதுல என்னடி குழப்பம்?" என்று சிரித்தீர்கள்.

இந்த வருஷம் கேட்டைத் திறந்த யோஷிகோ அம்மா அங்கேயே நின்றுவிட்டார். கொடியேறும் முன்பே நீங்கள் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, புது அகல்கள் எண்ணெய் குடிக்காமலிருக்கத் தவலைத் தண்ணீரில் ஊறப் போட்டிருப்பீர்கள். இப்போது தவலை கவிழ்ந்து கிடந்தது. சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை பண்டிகை கிடையாது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? மாதம் தவறி வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

"தப்பு, என் தப்பு. தீபம் இட்சு?" என்று குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டார். அவர் சரியாகத்தான் வந்திருந்தார் அண்ணி.

"தீபம் வருதுங்கம்மா. அண்ணிதான் இல்லீங்க. ஆடியில செத்துட்டாங்க."

பையைக் கீழே வைத்துவிட்டு, தவலைக்குப் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தார். பிறகு, "அண்ணி போன தோக்கி, சரோஜா பக்கம்?" என்றார்.

"பக்கத்துலதாங்க. கையப் புடிச்சிக்கினே இருந்தேன்."

தலையாட்டினார். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு என்று துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். இதை யாரும் கேட்கவில்லை. நீங்கள் போன பிறகு நான் வாய்விட்டு அழுதது அன்றுதான்.

மலையில் தீபம் ஏறியபோது தெருவெல்லாம் விளக்கு, நம் வாசல் மட்டும் இருட்டு. இரண்டு பேரும் அந்த இருட்டில் நின்று கும்பிட்டோம். மறுநாள் தன் படுக்கையைத் தானே மடித்து வைத்துவிட்டு பஸ் ஏறினார். ஜன்னல் வழியாக, "அடுத்த தீபம் இட்சு?" என்றார். கார்டு போடுகிறேன் என்று கையால் எழுதிக் காட்டினேன். அப்படிச் சொல்ல வேண்டும் என்று நான் நினைத்திருக்கவே இல்லை.

அண்ணனிடம் இன்னும் பேசவில்லை. உடம்பு இப்போதும் வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் அந்த ஓர அறையை மூட மாட்டேன். ஆடி கழியட்டும், கார்டு போடுகிறேன். யோஷிகோ அம்மா வரும்போது தவலையில் அகல் ஊறிக்கொண்டிருக்கும்.

கடைசிவரை உங்கள் கையை விடாத நாத்தனார்,
சரோஜா