பெட்டிக்குள் ஓர் ஆணி

இன்று காலை அரிசி மில்லுக்குப் போய் உமி வாங்கி வந்தேன். மூட்டையின் கட்டை அவிழ்த்ததும் அந்த வாசனை வந்தது. காய்ந்த, லேசாகத் தொண்டையைக் கமறவைக்கிற புது உமி வாசனை. நம் வீட்டில் சமையல் வாசனையை விட அது தூக்கலாக இருந்த வருடங்கள் உண்டு. புடவைத் தலைப்பால் மூக்கைக் கட்டிக்கொண்டு நீ அட்டைப்பெட்டிக்குள் உமியைக் கொட்டுவாய். "அந்தப் பக்கம் போய்த் தும்முங்க, முட்டை ஆடுது" என்று என்னைத் துரத்துவாய். அவிழ்த்த மூட்டைக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

உனக்குத் தெரியாத செய்தி ஒன்று இருக்கிறது. முக்கியமானதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது என் நிருபர் தொழிலின் விதி. உன்னிடம் அப்படிச் சொல்ல இன்று மனம் வரவில்லை. வரிசையாகவே சொல்கிறேன்.

கே.ஜி.கண்டிகையில் நாம் வீடு கட்டிய புதிதில் பின்கட்டில் நீ வளர்த்தவை சாதாரணச் சிறுவிடை நாட்டுக்கோழிகள்தான். அவற்றின் குஞ்சுகளில் ஒன்று சாம்பல் நிறத்தில் பொரிந்தது. அதன் வழியில் வந்த பெட்டைகளெல்லாம் அடையில் உட்கார்ந்தால் பாம்பே வந்தாலும் எழாது என்று நீ ஊரெல்லாம் பெருமையடித்தாய். அவற்றை நம் மகள் படம் பிடித்துப் போட்டாள். பார்த்தவர்கள் அடை வைக்க முட்டை கேட்டார்கள், அதுவும் எங்கெங்கோ இருந்து. தபாலில் கோழி அனுப்பப் போகிறாயா என்று நான் சிரித்தேன். "கோழி இல்ல. கோழி வர்றதுக்கு முன்னாடி அனுப்பப் போறேன்" என்றாய்.

முதலில் அனுப்பியவை வழியிலேயே உடைந்தன. கட்டிய பெட்டியை நீ பின்வாசல் படியிலிருந்து கீழே தள்ளிவிட்டுப் பார்த்தாய். உமியைக் கூட்டினாய், ஒவ்வொரு முட்டையையும் செய்தித்தாளில் சுற்றினாய், மறுபடி தள்ளினாய். நான் எழுதிய செய்திகள் அத்தனை ஊர்களுக்கு முட்டை சுற்றிப் போனது அப்போதுதான். நான் பள்ளிப்பட்டுக்குச் செய்திக்குப் போகும் நாள்களில் என் வண்டியின் பின்னால் ஒரு பெட்டியைக் கட்டிவிடுவாய். அந்தச் சாலையில் போய்த் திரும்பியும் உடையாவிட்டால் எந்த ஊருக்கும் அனுப்பலாம் என்பது உன் கணக்கு. டீக்கடையில் மற்ற நிருபர்கள் என்னைப் பார்த்ததும், "அண்ணே, இன்னிக்கி சேதி எத்தன, முட்டை எத்தன?" என்பார்கள்.

உடைவது நின்றது. ஆனால் உடையாமல் போய்ச் சேர்ந்தவையும் பாதிக்கு மேல் பொரிக்கவில்லை. முட்டையின் அகன்ற முனையில் இருக்கும் காற்றறை குலுங்கிக் கழன்றுவிடுகிறது என்று கால்நடை மருத்துவர் ஒருவர் சொன்னதை வந்து சொன்னேன். நீ உடனே ஒரு முட்டையைக் கைப்பேசி வெளிச்சத்தின் மேல் பிடித்தாய். "ஆங், ஆமாங்க! தண்ணி பாட்டில் மாதிரி உள்ள ஆடுது பாருங்க." கூர்முனை கீழே இருக்கும்படி ஒரு நாள் அசைக்காமல் வைத்தால் ஓரளவு நிலைக்கும் என்றும் அவர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து முட்டை வாங்கிய எல்லோருக்கும் நீ சொன்னது: "பிரயாணம் வந்ததுங்க. வந்த வொடனே வேல வாங்காதீங்க. ஒரு நாளு ஓய்வா இருக்கட்டும்."

வெயில் இன்னொரு தொல்லை. பங்குனிக்குப் பிறகு அனுப்பினால் வழியிலேயே சூடேறிக் கரு பாதியில் நின்றுவிடும். கிருத்திகை அதைவிடப் பெரிய தொல்லை. கூரியர் கடைக்காரர் அன்று பெட்டியைத் தொட மறுத்துவிட்டார்.

"அக்கா, காலைலதான் மலைக்கிப் போய்ட்டு வந்தேன். முட்டைய எப்பிடித் தொடறது?"

"இது திங்கிற முட்டை இல்லப்பா, கோழி. இன்னும் வெளிய வரல, அவ்ளோதான். உங்க சாமி கொடில இன்னா கீது? சேவல்தானே?"

"எல்லாம் சேவலாவே வரும்னு கேரண்டி தருவியா?"

"பாதி பொட்டையா வரும்."

"அப்ப பாதிப் பொட்டியதான்க்கா தொடுவேன்."

கடைசியில் பெட்டியை நீயே தராசில் வைத்து, நீயே உள்ளே கொண்டுபோய் அடுக்கினாய். அவர் முகவரிச் சீட்டை மட்டும் ஒட்டினார்.

இனி அந்த ஆணிக்கு வருகிறேன். அடை வைக்கும் கூடையில் இரும்புத் துண்டும் கரியும் காய்ந்த மிளகாயும் போடுவது நம் பக்கத்து வழக்கம். இடி இடித்தால் முட்டை கெடாது என்பார்கள். நீ அதைப் பெட்டிக்குள்ளும் போட்டாய். ஆணி உருண்டால் அதுவே முட்டையை உடைக்கும் என்றேன். துணியில் சுற்றி மூடியோடு சேர்த்துத் தைத்துவிட்டாய். இடிக்கும் முட்டைக்கும் சம்பந்தமே இல்லை என்றேன். நீ நூலைப் பல்லால் கடித்துவிட்டு நிமிர்ந்தாய்.

"சரி, முட்டை கெடாது. போடாம அனுப்பிச்சா வழியெல்லாம் எனக்கு மனசு கெடும். அதுக்கு உங்க டாக்டரு இன்னா சொல்றாரு?"

நான் கரியையும் மிளகாயையும் எடுத்துக் கொடுத்தேன்.

ஒரு மதியம் திண்டுக்கல் பக்கத்திலிருந்து தையற்கடை நடத்தும் மரகதம் கூப்பிட்டாள். யாரென்றே அப்போது நமக்குச் சரியாகத் தெரியாது. நீ கையில் மாவோடு இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டாய்.

"யாருங்க நீங்க? நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணுனேன்? முட்டை கேட்டா ஆணியும் கரியும் மொளகாயும் வச்சு அனுப்பிருக்கீங்க!"

செய்வினை என்று நினைத்துவிட்டாள் என்று நான் சைகை காட்டினேன். உனக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ அம்மா, அது இடிக்கும்மா! நீங்க அடையில போட மாட்டீங்களா?"

"அடைக்கூடையில போடுவோம். பார்சல்ல யாரு போடுவா?"

"மூணு நாளு ரோட்டுல வருதேம்மா. வழில இடி இடிச்சா?"

பிறகு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். "நான் பெட்டியத் தூக்கி வேப்பமரத்தடில வச்சுட்டு தெருவையே கூட்டிட்டேன்க்கா. எங்க வீட்டுக்காரரு இந்நேரம் வரைக்கும் உப்பு சுத்திக்கிட்டு இருக்காரு." நீ மாவுக்கையோடு தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய்.

மரத்தடியில் கிடந்தும் அந்த முட்டைகளில் சில பொரித்தன. மரகதம் உனக்குத் தங்கையானாள். அதற்குப் பிறகு பெட்டி கிளம்பும்போதெல்லாம் வாங்குபவரை நீயே கூப்பிட்டாய். எனக்கு அது மனப்பாடம். "உள்ள ஒரு ஆணி கீதுங்க. பயந்துடாதீங்க."

உன்னை வேலூர் ஆஸ்பத்திரிக்கு நான் அழைத்துப்போய் வந்துகொண்டிருந்த மாதங்களில்தான் நம் பின்கட்டில் வெள்ளைக்கழிச்சல் நோய் புகுந்தது. ஒரு வாரத்துக்குள் கூண்டு காலி. உன்னிடம் மறைக்கலாமா என்று மகள் கேட்டாள். நான் சொல்லிவிட்டேன். நீ படுக்கையில் திரும்பிப் படுத்தாய். பிறகு, "சாம்பல் ஒண்ணு கூட இல்லியா?" என்றாய். இல்லை என்றேன். "மரகதம் வூட்ல கீது," என்றாய்.

மரகதம் உடனே அனுப்பினாள். அது சித்திரை. பெட்டியைத் தொட்டபோதே சூடாக இருந்தது. நீ சொன்னபடி ஒரு நாள் வைத்து, பக்கத்துத் தெரு மெக்கானிக் பாய் வீட்டு அடைக்கோழியிடம் வைத்தோம். ஒரு வாரம் கழித்து ஒவ்வொரு முட்டையாக உன் படுக்கைக்குக் கொண்டுவந்தேன். நீ படுத்தபடியே கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தாய். எல்லாம் வெறுமையாக இருந்தன. கடைசி முட்டையை என் கையில் கொடுத்துவிட்டு, "வெயிலு. அதும் இன்னா பண்ணும்" என்றாய். சற்றுப் பொறுத்து என் விரலைப் பிடித்துக்கொண்டு கேட்டாய். "சாம்பல் நம்ம வூட்டுக்கு வந்துடும் இல்ல?"

உறுதி செய்யாத எதையும் நான் இத்தனை வருடத்தில் எழுதியதில்லை. அன்று உன்னிடம் வரும் என்றேன். மறுபடி முட்டை கேட்கும் பருவம் வருவதற்குள் நீ போய்விட்டாய்.

நான் கேட்கவில்லை. கேட்டு, அதுவும் வீணாய்ப் போனால் உன்னிடம் சொன்ன சொல் முழுதாகப் பொய்யாகிவிடும் என்று பயந்தேன். மார்கழியில் மரகதமே கூப்பிட்டாள். "அண்ணே, குளிர் விழுந்திருச்சுன்னு அனுப்பிட்டேன். உள்ள ஒரு ஆணி இருக்கும், பயந்துறாதீங்க." சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். பாதியில் முடியாமல் வைத்துவிட்டாள்.

ரவிக்கைத் துண்டில் சுற்றி ஆணியை மூடியோடு தைத்திருந்தாள். உன் தையலைவிட நேர்த்தி, கோபித்துக்கொள்ளாதே. பாய் தன் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். "இன்னும் ஒரு நாள் பொறுக்கணும் பாய், பிரயாணம் வந்த முட்டை" என்றேன். "அக்கா சொன்ன மாதிரியே சொல்றியேண்ணே" என்று கோழியைத் திருப்பித் தூக்கிக்கொண்டு போய், மறுநாள் வந்தார்.

வெளிச்சத்தில் பார்த்தபோது பெரும்பாலானவை வெறுமைதான். நான்கில் மட்டும் சிவப்பு நரம்பு ஓடியது. மூன்று பொரித்தன. முதல் இரண்டும் சருகு நிறம். மூன்றாவது ஓட்டைக் கொத்திவிட்டு அப்படியே நின்றுவிட்டது. கை கொடுக்காதீர்கள், அதுவே வரட்டும் என்பாய். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் அது வெளியே வந்து கோழியின் அடியில் புகுந்தது. காய்ந்து தலை நீட்டியபோது பார்த்தேன். சாம்பல்.

இதுதான் செய்தி. வந்துவிட்டது.

அது பெட்டை. சருகு நிறத்தில் ஒன்று சேவலானது. இந்த ஆடியில் சாம்பல் முட்டையிட ஆரம்பித்தது. அடை வைத்தது போக மிச்சத்தைத் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார். அதற்குத்தான் இந்த உமி. மூன்று முறை கட்டிப் பிரித்து, நான்காவது முறைதான் குலுக்கினால் சத்தம் வராமல் அமைந்தது. மலைப்பக்கம் மேகம் கருத்திருந்தது. மரகதம் அனுப்பிய அதே ஆணியைத் துணியில் சுற்றி, என் கோணல் தையலில் மூடியோடு சேர்த்தேன். கரி, மிளகாய். பிறகு ஆசிரியரைக் கூப்பிட்டேன்.

"உள்ள ஒரு ஆணி இருக்கும் சார். பயந்துடாதீங்க."

"ஆணியா? எதுக்குங்க?"

இடி என்று சொல்ல வாயெடுத்தேன். இடிக்கும் முட்டைக்கும் சம்பந்தமில்லை என்று உன்னிடம் வாதாடியவன் நான். அது இன்றும் உண்மைதான்.

"போடாம அனுப்பிச்சா வழியெல்லாம் மனசு கெடும் சார்" என்றேன்.