ஒப்பீட்டுப் பகுதியிலிருந்து என் வாசலை விடுவிக்கக் கோரி

அனுப்புநர்:
தையற்கடைக்காரர்,
சாலையின் கடைசி வீடு.

பெறுநர்:
செயற்பொறியாளர் அவர்கள்,
சாலைப் பணிகள் அலுவலகம்.

பொருள்: களிமண் சாலையில் என் தம்பி வீடு வரை மட்டும் சுண்ணாம்பு கலந்து, என் வீட்டை விட்டுவிட்டது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் சாலை முழுதும் களிமண். மழையில் உப்பிக் குழையும். வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். கோடையில் தங்கள் ஆட்கள் மண்ணைக் கிளறி, சுண்ணாம்புத் தூள் தூவி, தண்ணீர் விட்டுக் கலந்து, ஊறவிட்டு, உருளை ஓட்டி இறுக்கினார்கள். இந்த மழைக்கு அந்தப் பகுதி அசையவே இல்லை. நல்ல வேலை, மறுக்கவில்லை.

2. ஆனால் வேலை தம்பி வாசலோடு நின்றுவிட்டது. ஒரு காலிமனை தாண்டினால் என் வீடு. சுண்ணாம்பு தீர்ந்துவிட்டதா என்று கேட்டேன். மேற்பார்வையாளர், "தீரலைங்க. கலக்காத மண்ணும் கொஞ்சம் இருந்தாத்தானே வித்தியாசம் தெரியும்?" என்றார். சுண்ணாம்பு முடியும் இடத்தில் 'ஒப்பீட்டுப் பகுதி' என்று பலகை நட்டு, என் வீட்டைப் பார்த்து அம்புக்குறியும் போட்டுவிட்டார்.

3. ஐயா, தம்பி பிறந்ததிலிருந்து என்னையும் அவனையும் ஒப்பிட்டுத்தான் வருகிறார்கள். படிப்பில் ஒப்பிட்டார்கள், உயரத்தில் ஒப்பிட்டார்கள். வீட்டார் செய்தது போதாதென்று இப்போது அரசாங்கமும் பலகை வைத்துச் செய்கிறது. பார்வையிட வரும் அதிகாரிகள் அவன் வாசலில் தரையைக் காலால் தட்டிப் பார்த்து, "பிரமாதம்" என்கிறார்கள். என் பக்கம் வந்ததும் கால்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படம் எடுக்கிறார்கள். தம்பி அவர்களுக்குத் தேநீர் கொடுக்கிறான். சுண்ணாம்பையே அவன்தான் கண்டுபிடித்த மாதிரி பேச்சு வேறு. எனக்கு வயிற்றெரிச்சல் என்கிறாள் என் மனைவி. ஆமாம், எரிகிறது. மனுவில் இது கூடாதென்றால் இவ்வரியை அடித்துவிடவும்.

4. இதையும் பொறுத்திருப்பேன். எங்கள் தாயார் சக்கர நாற்காலியில் இருப்பவர். ஒரு மாதம் அவன் வீடு, ஒரு மாதம் என் வீடு என்று இருந்தார். மழை தொடங்கியதிலிருந்து தம்பி வீட்டிலேயே இருக்கிறார். ஒருமுறை தூக்கி வரும்போது சேற்றில் சறுக்கினேன். அதன்பின், "வேண்டாம்டா, நீ விழுந்துடுவே" என்று மறுத்துவிட்டார். மாலையில் தம்பி மனைவி பலகை வரை தள்ளி வருகிறாள். அதற்குமேல் சக்கரம் புதைகிறது. தாயார் அங்கிருந்து கையசைக்கிறார், நான் என் படியிலிருந்து கையசைக்கிறேன். அங்கே போய்ப் பார்க்காமலும் இல்லை. போனால், "அண்ணனுக்குத் தண்ணி குடுடா" என்று அவனிடம் சொல்கிறார். அம்மா இருக்கும் வீட்டில் நான் விருந்தாளி.

5. அடுத்த மழைக்காலத்தையும் பார்த்த பிறகே முடிவு சொல்ல முடியும் என்கிறது தங்கள் அலுவலகம். தாயாருக்கு எண்பது கடந்துவிட்டது. இன்னொரு மழைக்காலம் இருங்கள் என்று அவரிடம் நான் எப்படிக் கேட்பது?

ஆகவே முழுச் சாலையும் கேட்கவில்லை. பலகையிலிருந்து என் படி வரை, சக்கர நாற்காலியின் அகலத்துக்கு மட்டும் சுண்ணாம்பு கலந்து இறுக்கித் தருமாறு பணிந்து கேட்கிறேன். இரு பக்கமும் மிஞ்சும் சேற்றை எத்தனை மழைக்கு வேண்டுமானாலும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

நாள்: மழை விட்ட மறுநாள்
இடம்: மேற்படி கடைசி வீடு

இப்படிக்கு,
(ஒப்பம்)
தையற்கடைக்காரர், மூத்த மகன்