ஒட்டிய விரல்கள்

மார்ச் 4

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? குட்டி என் அறையில்தான் இருக்கிறான். "அம்மா எப்ப வருவாங்க சித்தி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் விளையாடப் போய்விடுகிறான்.

அக்காவைப் பார்த்தேன். சிறையில் தரை ரொம்பக் குளிர்கிறதாம். அத்தானை வேறு கட்டடத்தில் வைத்திருக்கிறார்கள். யாரோ போட்ட மொட்டைக் கடிதம், ஒரு ரத்தப் பரிசோதனை, அவ்வளவுதான். ஐந்து வருடக் குடும்பம் குற்றமாகிவிட்டது. அநாதை விடுதியில் வளர்ந்த அத்தானுக்குத் தன் அப்பாதான் நம் அப்பாவும் என்று எப்படித் தெரியும்?

நான் டைப் அடிக்கும் வக்கீல் ஆபீசில் தினமும் இதே பேச்சு. பெரிய வக்கீல், "வயசு வந்த ரெண்டு பேர். இதுல அடிபட்டது யாரு, காட்டுங்க" என்கிறார். ஜூனியர், "அடிபட்டாத்தான் குத்தமா சார்? வீடுன்னா சில கதவு மூடித்தான் இருக்கணும்" என்கிறார். "மூடியிருக்குன்னு அதுங்களுக்கு யாருய்யா சொன்னா?" என்று பெரியவர் கேட்டதும் ஜூனியர் டீயைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அம்மா, தெரியாமல் மணந்தவர்களுக்குத் தண்டனை கிடையாது. கல்யாணம் மட்டும் செல்லாது. தெரிந்தே மணந்தார்கள் என்கிறது எதிர்த்தரப்பு. நீங்கள் வந்து, நம் வீட்டில் யாருக்கும் தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வருவீர்கள்தானே?

அன்பு மகள்,
சின்னவள்

மார்ச் 11

சின்னவளுக்கு,

கால்வலி உயிரோடுதான் இருக்கிறது. நீ நான்கு எழுத்துப் படித்ததும் என்னைக் கூண்டில் ஏற்றப் பார்க்கிறாய்.

அடிபட்டது யார் என்று உன் பெரிய வக்கீல் கேட்டாராமே. நான்தான் என்று சொல். உன் அப்பா எவளிடமோ ஒரு பிள்ளையைப் பெற்று விடுதியில் போட்டது எனக்குத் தெரியும். காலில் இரண்டு விரல் ஒட்டிப் பிறந்தது என்று அவரே குடித்துவிட்டு உளறினார். உன் அத்தான் பெண் பார்க்க வந்த அன்று கால் கழுவியபோதே பார்த்துவிட்டேன்.

ஏன் தடுக்கவில்லை என்பாய். தன் மகனையே மாப்பிள்ளை மாப்பிள்ளை என்று எதிரே உட்காரவைத்து அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். என் வாழ்க்கையில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அவர் சாகும்போது காதில் சொன்னேன். கண் மூடாமல் போனது அதனால்தான்.

அவர் போனபின் அதே நடை, அதே சிரிப்பு வீட்டுக்குள் வந்துபோனது. பொறுக்கவில்லை. மொட்டைக் கடிதம் போட்டதும் நான்தான். பெரியவள் எப்போதும் அப்பா செல்லம். அனுபவிக்கட்டும்.

இதெல்லாம் உன்னிடம் சொல்வதும் சுவரிடம் சொல்வதும் ஒன்று. நாலு பேர் முன்னால் உனக்கு நாக்கு எழும்பாது. பிள்ளையை விடுதியில் சேர்த்துவிட்டுப் பிழைப்பைப் பார்.

அம்மா

மார்ச் 19

அன்புள்ள அம்மாவுக்கு,

அன்று குழாயடியில் துண்டை வைத்துக்கொண்டு நானும் நின்றேன். நீங்கள் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "இந்தக் கால் பொறந்ததுலேருந்தே இப்படித்தானா தம்பி?" என்று கேட்டீர்கள். "பெத்தவங்க எனக்கு விட்டுட்டுப்போன சொத்து அது ஒண்ணுதாங்க" என்று அத்தான் சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள். நல்ல மனசு அம்மாவுக்கு என்று அப்போது நினைத்தேன்.

உங்கள் கடிதத்தைப் பெரிய வக்கீலிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இதைக் கோர்ட்டுல வந்து யாரும்மா சொல்றது?" என்றார். "நான்" என்றேன். சத்தம் வரவில்லை போலிருக்கிறது. மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன்.

நேற்று கூண்டில் ஏறினேன். உங்கள் கடிதத்தையும் குழாயடிப் பேச்சையும் சொன்னேன். எல்லோருக்கும் கேட்டது. அக்காவும் அத்தானும் விடுதலை. இனி ஒரே வீட்டில் இருக்கக்கூடாதாம். வெளியே வந்து, ஆளுக்கு ஒரு திசையில் போனார்கள். குட்டிக்குச் செருப்பு மாட்டும்போது அவன் காலைப் பார்த்து அக்கா அழுதாள்.

அதே சட்டத்தில் இன்னொரு பிரிவு இருக்கிறது. தெரிந்தே நடத்திவைத்தவர்களுக்கான பிரிவு அது. அதன்படி உங்கள் மேல் கொடுத்த புகாரை நான்தான் டைப் அடித்தேன். ஒரு பிழையும் இல்லை.

இது உங்கள் கைக்கு வருமுன் போலீஸ்காரர்கள் வரலாம். முழங்கால் தைலத்தை மறக்காதீர்கள். நீல ஸ்வெட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தரை ரொம்பக் குளிரும்.

சின்னவள்