சல்லடை பிடித்த கை

அன்புள்ள சுண்டுவுக்கு அம்மா எழுதுவது. நீ, மாப்பிள்ளை, குழந்தை மூன்று பேரும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன், எனக்கு ஒரு குறையும் இல்லை. அப்பா ஏன் வீடியோவில் முகம் காட்டுவதில்லை, என் மேல் என்ன கோபம் என்று நீ கேட்டுக்கொண்டே இருக்கிறாய், நானும் மழுப்பிக்கொண்டே இருந்தேன். கோபமெல்லாம் இல்லை. அவருக்கு வலது கை நடுங்குகிறது. பல் கிளினிக்கைப் பூட்டியதும் அதனால்தான், ஓய்வு வேண்டும் என்று உன்னிடம் சொன்னது சும்மா. நடுங்குற கையை யாரு வாய்க்குள்ள விடுவாங்கன்னு ஒரே ஒரு தரம் சொன்னார், அப்புறம் அந்தப் பேச்சே கிடையாது. வெளியாட்கள் இருந்தால் டீ கூடக் குடிக்க மாட்டார். நரம்பு டாக்டர் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

போன வாரம் வெந்நீரைக் காலில் கொட்டிக்கொண்டார், பெரிதாக ஒன்றுமில்லை, பயப்படாதே. தனியாக விட மனசு வராமல் என்னோடு காலேஜ் லேபுக்குக் கூட்டிப் போனேன். அந்த நீளமான கண்ணாடித் தொட்டி உனக்குத் தெரியுமே, அதில் இப்போது இரண்டு விரல் ஆழத்துக்குத்தான் தண்ணீர் ஓடவிடுகிறோம். நடுவில் ஒரு குழாயை நட்டால் அதன் பின்னால் இடதும் வலதுமாகச் சுழி கிளம்பும். ஆழத் தண்ணீரில் சுழி ரொம்ப தூரம் போகும், இங்கே அடித்தரை உரசி உரசிச் சீக்கிரம் அடக்கிவிடும். தரையில் மணல் ஒட்டி உராய்வைக் கூட்டினால் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று பார்க்கிறோம், தெருவில் மழைத்தண்ணீர் ஓடுவதைக் கணக்குப் போட இது வேண்டும். சுழி கேமராவில் தெரிய வெள்ளைத் துகளைச் சல்லடையில் சலித்துச் சீராகத் தூவணும், கட்டி கட்டியாக விழுந்தால் படம் குப்பை. என் மாணவி நெட்டைக்கு அன்று காலையிலிருந்து எல்லாம் திட்டுத் திட்டாகவே விழுந்தது. விளக்கைச் சரிபண்ண ஏணியில் ஏறியவள், விஷயம் தெரியாமல், டாக்டர் சார் இதைக் கொஞ்சம் பிடிங்கன்னு சல்லடையை அப்பா கையில் திணித்துவிட்டாள். வாங்கிக்கொள்ள நான் எழுந்து ஓடினேன். கை நடுங்கியது, துகள் தூறல் மாதிரி ஒரே சீராக இறங்கியது. ஐயோ சார், அப்படியே ஆட்டுங்க, எப்படி சார் இதுன்னு மேலேயிருந்து கத்தினாள். அப்பா சல்லடையை வைத்துவிட்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டார், கேலி பண்ணுகிறாள் என்று நினைத்திருக்கிறார். நான் விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் சுருங்கிப்போச்சு, ஆனாலும் பின்னாலேயே ஓடினாள். மன்னிப்புக் கேட்பாள் என்று பார்த்தால், கேமராவில் பதிவான படத்தைக் காட்டி, சார் எனக்கு இந்த மாதிரி இன்னும் நிறைய வேணும், வருவீங்களா மாட்டீங்களான்னு கேட்டிருக்கிறாள். அவர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாராம். இந்தச் சுழி ஏம்மா இங்கேயே படுத்துடுச்சுன்னு கேட்டாராம்.

மறுநாள் எனக்கு முன்னால் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். இப்போது லேபில் எல்லோர் எதிரிலும் டீ குடிக்கிறார், பாதி வாயில், பாதி சட்டையில். நெட்டைக்குக் கடைவாயில் சொத்தை என்று கண்டுபிடித்து அவள் உயிரை எடுக்கிறார். மணல் தரையில் சுழி நாங்கள் நினைத்ததில் பாதி தூரம்கூடப் போகவில்லை. நேற்று அவராகவே, நரம்பு டாக்டர்கிட்ட நேரம் வாங்கு, ஆனா சோதனை முடிஞ்ச பிறகுன்னு சொன்னார். மருந்தில் நடுக்கம் நின்றுவிட்டால் துகளை யார் தூவுவதாம்! எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. முதலில் டாக்டர், அப்புறம்தான் சுழி என்று சொல்லிவிட்டேன், திங்கட்கிழமை போகிறோம்.

கையைப் பற்றி நீயாக ஆரம்பிக்காதே, அவரே சொல்லட்டும். குழந்தையைப் பல் துலக்காமல் தூங்க விடாதே, இது அப்பாவின் உத்தரவு. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்கணும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. இவ்வளவும் எழுதி முடித்ததும் கடிதத்தை அப்பா கேட்டு வாங்கிப் படித்தார், கீழே இருப்பது அவர் எழுத்து, நிதானமாகப் படி.

இப்படிக்கு,
அம்மா

சுண்டு, அம்மா எழுதினது எல்லாம் நிஜம். சட்டையில் பாதி என்பது மட்டும் பொய், கால்வாசிதான்.
அப்பா