ஆளில்லாத வீடுகள்

நவம்பர் 20

காலையிலிருந்து தூறல். காமென் எல்லோருக்கும் சூடாக, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சா வாங்கி வந்தான். வடக்கே ஓர் ஊரில், வீடுகளுக்குக் குழாய் வழியே வெப்பம் அனுப்பும் நிறுவனம் டிசம்பரில் எங்கள் மென்பொருளை ஊர் முழுக்கப் போடுகிறது. ஆளில்லாத வீடு எது என்று கணித்து, வெந்நீர் வால்வை அதுவே மூடிவிடும். இப்போதைக்கு ஒரே ஒரு அடுக்குமாடியில் ஒத்திகை. கணிக்கும் பகுதி நான் எழுதியது. “நெவேனா, நீ மந்திரக்காரிதான் போ” என்றான் காமென். கல்லூரியில் ஒன்றாகப் படித்தவன், இன்று என் முதலாளி. வாய் மட்டும் மாறவில்லை.

நவம்பர் 22

ஒரு புகார். ஐந்தாம் மாடிப் பெண் ஒருத்தி வீட்டுக்குள் இருக்கும்போதே, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் ஆறிப்போய்விட்டதாம். நிறுவனத்துக்குப் போன் செய்தால், “உங்க வீட்ல யாரும் இல்லைன்னு காட்டுதே” என்று பதில் சொன்னார்களாம். காமென் விழுந்து விழுந்து சிரித்தான். “மீட்டர் கோளாறா இருக்கும். ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடு.”

நவம்பர் 24

ரயிலில் போய் வந்தேன். அவள் பெயர் ஸ்தோயான்கா. வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறாள். கோட்டும் கம்பளித் தொப்பியுமாகக் கதவைத் திறந்தாள்.

“நல்லா பாத்துக்கோம்மா. வேணும்னா தொட்டுப் பாரு. பேய் இல்ல நான்.”

மீட்டரில் ஒரு கோளாறும் இல்லை. அவள் சூடாக்குவது தையல் அறையை மட்டும். அதுவும் எப்போதாவதுதான். “வெரல் மரத்துப்போனா திருகுவேன். ஊசி புடிக்கணுமே?”

இவ்வளவு குறைவாக வெப்பம் எடுக்கும் வீட்டில் ஆள் இருக்க முடியாது — மென்பொருளுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தது நான். அது பிழை செய்யவில்லை. சொன்னதைச் செய்தது. கட்டணத்துக்குப் பயந்து குளிரில் உட்கார்ந்திருப்பவர்கள் என் நினைப்பிலேயே வரவில்லை.

அங்கிருந்தே போன் போட்டு வால்வைத் திறக்க வைத்தேன். தேநீர் கொடுத்தாள். குடிக்கவே கூச்சமாக இருந்தது.

நவம்பர் 27

வால்வை மூடுவதற்கு முன்னால் யாராவது போய்க் கதவைத் தட்டட்டும். இவ்வளவுதான் கேட்டேன்.

“ஆள் அனுப்பாம இருக்கத்தானே அவங்க இத வாங்கறாங்க!” என்றான் காமென். “புது வருஷம் பொறக்கட்டும், சரி பண்ணிடலாம்.”

“அதுவரைக்கும் டிசம்பர் குளிர்ல?”

அவனைப் பார்த்தாலும் பாவமாக இருந்தது. இந்த ஒப்பந்தம் கைவிட்டுப் போனால் அலுவலகத்தில் பாதிப் பேருக்கு வேலை இருக்காது என்றான். அவன் பொய் சொல்லவில்லை.

நவம்பர் 28

வீட்டு ரேடியேட்டரை அணைத்துவிட்டுக் கோட்டோடு உட்கார்ந்து சாப்பிட்டேன்.

நவம்பர் 30

மென்பொருளை வெளியிட என் ஒப்புதல் வேண்டும் என்றான் காமென். தரமாட்டேன் என்றேன்.

“நீ தரலைன்னா நான் தந்துட்டுப் போறேன்.”

“தந்துக்கோயேன்! ஆனா அந்த நிறுவனத்துக்காரங்ககிட்ட சொல்லாம எப்படித் தருவ?” கத்திவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“மனசாட்சி உனக்கு மட்டுந்தான் இருக்கா?” என்றான். தைத்தது.

நாளை அந்த நிறுவனத்தாரோடு நடக்கும் கூட்டத்தில் அவர்களிடம் நானே சொல்லப்போகிறேன் என்று அவனிடமே சொல்லிவிட்டேன். முதுகுக்குப் பின்னால் செய்யப் பிடிக்கவில்லை. பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு.

டிசம்பர் 1

சொல்லிவிட்டேன். காமென் தடுக்கவில்லை, மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இந்த மாதிரி இன்னும் எத்தனை வீடு?” என்றார் அந்த நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர்.

“தெரியலைங்க. எங்க யாருக்கும் தெரியாது. அதனாலதான் நிறுத்தச் சொல்றேன்.”

ஒத்திகையில் மூடிய எல்லா வால்வுகளையும் உடனே திறக்கச் சொன்னார். ஒப்பந்தம்? யோசித்துச் சொல்கிறார்களாம்.

கூட்டம் முடிந்து வாசலில் காமெனும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். அவன் சிகரெட் முழுசாக எரிந்து முடிந்தது.

டிசம்பர் 4

என்னை வேறு வேலைக்கு மாற்றிவிட்டான். பல் மருத்துவர் ஒருவருக்கு நோயாளிகளின் நேரம் ஒதுக்கும் மென்பொருள். காபி எடுக்கப் போனால் கூட வேலை செய்பவர்களின் பேச்சு நின்றுவிடுகிறது. அவர்கள்மேல் எப்படிக் கோபப்படுவது? கிறிஸ்துமஸ் வரை வேலை இருக்குமா என்று அவர்களுக்கும் தெரியாது. செய்தது சரிதானா? சரிதான். அப்புறம் ஏன் தூக்கம் வரமாட்டேன் என்கிறது?

டிசம்பர் 6

நிக்கோலா திருநாள், வீட்டுக்கு வீடு மீன் சமைக்கும் நாள். கெண்டை மீன் அடுப்பில் இருக்கும்போது காமென் போனில் கூப்பிட்டான். சீட்டைக் கிழிக்கத்தான் என்று நினைத்தேன்.

மூச்சிரைத்தது அவனுக்கு. “வடக்கே வந்திருக்கேன். அந்த அடுக்குமாடியில. நாம மூடின வீடு ஒவ்வொண்ணா தட்டிக்கிட்டு வர்றேன்.”

“நீயேவா?”

“வேற யாரு வருவா? மூணாவது மாடியில ஒருத்தர், நெவேனா... படுக்கையை விட்டு எழுந்திரிக்கவே முடியாது. அத்தனை நாளும் கம்பளிக்குள்ளயே கெடந்திருக்காரு. யார்கிட்ட சொல்றதுன்னே தெரியலையாம்.”

அடுப்பை அணைத்தேன்.

“கதவைத் தட்டாம வால்வ மூடக்கூடாதுன்னு மென்பொருள்ல எழுதிடு” என்றான் கடைசியில். “நீதான் எழுதணும். நிறுவனத்துல ஒத்துக்கிட்டா கொடுப்போம், இல்லைன்னா போகட்டும். இரு இரு, இங்க யாரோ தாழ்ப்பாள எடுக்கறாங்க.”

போனை அணைக்க மறந்துவிட்டான். கதவு திறந்த சத்தம் கேட்டது. பிறகு அவன் குரல், தயங்கித் தயங்கி:

“வணக்கம்மா. இப்ப உங்க வீடு சூடா இருக்கா?”